ஆங்கிலம் வந்த பாதை – 14: உழவன் கிழித்த மன்னிப்புச் சீட்டு

1066 அக்டோபர் 14. ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மன்னர் ஹெரால்டு மாண்டார். நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டிக்கொண்டார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரபுக்களின் மாளிகையிலும் பிரெஞ்சு மொழி ஏறி உட்கார்ந்தது. ஆங்கிலம் வயலிலும் அடுப்படியிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

தோற்றுப்போன அந்த மக்களிடம் ஒரு சொல் இருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்கு, அதனால் பட்ட துன்பம், அந்தத் துன்பத்தில் மூண்ட ஆத்திரம் ஆகிய மூன்றையும் அந்த ஒரே சொல் தாங்கியது.

அதன் பெயர் 'டீன்'.

இன்று ஆங்கிலம் பேசுகிற யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொன்னால், பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள். அந்த டீன் வேறு, இது வேறு. இரண்டும் எங்கே மோதிக்கொண்டன என்பதைப் பிறகு பார்ப்போம்.

துயரத்தைச் சொல்லும் சொல் ஒன்று, துயரம் தீராதபோதே ஒரு மொழியை விட்டுப் போவது எப்படி? இந்த வாரம் அந்தக் கதை.

திராட்சைத் தோட்டத்துக் கூலி

ஏறத்தாழ 990-ஆம் ஆண்டு. நான்கு நற்செய்திகளும் பழைய ஆங்கிலத்தில், தென்மேற்கு இங்கிலாந்தின் வெஸ்ட் சாக்ஸன் வழக்கில் பெயர்க்கப்பட்டன.

அதில் மத்தேயுவின் 20-ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். பொழுது சாயும் நேரத்திலும் சிலரை அமர்த்துகிறார். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி. நாளெல்லாம் வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பார்த்துத் தோட்டக்காரர், உனக்கு நான் அநியாயம் எதுவும் செய்யவில்லையே என்கிறார்.

இந்த உவமையிலிருந்துதான் ஜான் ரஸ்கின் தம் நூலுக்குத் தலைப்பெடுத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி படித்து, வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட நூல் அது. தமிழில் அதைக் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்று அறிவோம்.

'அநியாயம்' வருகிற அந்த இடத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்த சொல் 'டேயோனா'. நம் டீனின் ஆதி வடிவம் இதுதான்.

இங்கே இது மனத்துக்குள் படும் வருத்தத்தைக் குறிக்கவில்லை. ஒருவர் செய்து, இன்னொருவர் அனுபவிக்கும் தீங்கைக் குறிக்கிறது. யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய தீங்கு. சேதம், அவமதிப்பு, முறைகேடு எல்லாம் இதன் பொருள்களில் அடங்கும்.

இதன் உறவுச் சொற்கள் வட ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தன. பழைய சாக்ஸன் மொழியில் உண்டு. பழைய நார்ஸ் மொழியில் 'த்யோன்' என்று உண்டு. ஐஸ்லாந்தில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே கார் மோதி நசுங்கினாலோ வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலோ காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய சேதத்தின் பெயர் த்யோன்தான். இழப்பு, அதற்கு ஈடு கேட்கும் உரிமை என்ற பழைய பொருள் அங்கே குலையாமல் நிற்கிறது.

இங்கிலாந்தில் மட்டும் ஏன் நிற்கவில்லை?

பாகப்பிரிவினை

முதல் பங்காளிகள் வடக்கிலிருந்து வந்தார்கள்.

793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள், அடுத்த நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தார்கள். பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். அவர்களுடைய சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவற்றில் இரண்டு நம் கதைக்கு முக்கியமானவை. ஒன்று 'ராங்'. கோணலானது என்ற பொருளில் வந்து, நியாயத்துக்குப் புறம்பானதைக் குறிக்கத் தொடங்கியது. இன்னொன்று 'ஆங்கர்'.

அடுத்த பங்காளிகள் தெற்கிலிருந்து, பிரெஞ்சோடு வந்தார்கள். 'கிரீஃப்' வந்தது. 'இஞ்சுரி' வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் 'டிரபிள்' வந்து சேர்ந்தது. லத்தீனில் கூட்டத்தையும் அமளியையும் குறித்த 'துர்பா'தான் அதன் மூதாதை. தெளிந்த நீரைக் கலக்குவது பிரெஞ்சில் அதன் பொருள்களில் ஒன்று. பிறகு மனக் கலக்கம், பிறகு எல்லா வகைத் தொல்லையும்.

ஒரு பெரிய குடும்பச் சொத்தைப் பாகம் பிரிப்பதுபோல, டேயோனாவின் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அநியாயம் ராங்குக்குப் போனது. உடலில் பட்ட காயமும் சட்டம் கணக்கெடுக்கும் சேதமும் பிரெஞ்சுச் சொற்களுக்குப் போயின. நெஞ்சின் துயரத்தில் கிரீஃபுக்குப் பங்கு. அன்றாடத் தொல்லையில் டிரபிளுக்குப் பங்கு.

இதில் மிகப் பெரிய இழப்பு நீதிமன்றத்தில் நேர்ந்தது என்பது என் முடிவு. அநியாயத்தைக் குறிக்கும் சொல்லுக்கு, அதைச் சொல்லி நியாயம் கேட்க ஓர் இடம் வேண்டும். இங்கிலாந்தின் அரச நீதிமன்றங்களில் வாதம் பிரெஞ்சில் நடந்தது. தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாமல் ஆங்கில உழவன் நின்றான். 1362-இல்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை, இனி வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடுங்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்.

அதற்குள் மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆங்கிலம் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. டீன் திரும்பவில்லை.

1380-களில் ஜான் விக்ளிஃபைப் பின்பற்றியவர்கள் பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அதே திராட்சைத் தோட்டம், அதே கூலி, அதே முணுமுணுப்பு. டேயோனா இருந்த இடத்தில் ராங்.

மால்வெர்ன் மலையில் ஒரு கனவு

சொத்தெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் டீனுக்கு அதன் மகத்தான தருணம் வாய்த்தது.

அப்போது அதை 'டேனெ' என்று உச்சரித்தார்கள். 'டிரே' என்ற இன்னொரு பழைய துயரச் சொல்லோடு சேர்த்து, 'டிரேயும் டேனெயும்' என்று இணைமொழியாகப் பாட்டில் வைப்பது வழக்கம். பேசும் மக்களுக்கு நன்றாகப் புரிந்த சொல்தான்.

கவிஞர் வில்லியம் லாங்லாந்து. அவருடைய 'பியர்ஸ் ப்ளவ்மன்' ஒரு நெடிய கனவுக் காவியம். வூஸ்டர்ஷயரின் மால்வெர்ன் மலையில், மே மாதக் காலையொன்றில், வில் என்பவன் கண்ணயர்ந்து காணும் கனவில் அது தொடங்குகிறது. வயல் நிறைய மனிதர்கள். பிச்சைக்காரர்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், பாவமன்னிப்பை விலைக்கு விற்கும் மதகுருக்கள். இவர்களுக்கெல்லாம் வழிகாட்டுவதற்கு வருகிறவன் ஒரு பிரபுவோ ஆயரோ இல்லை. பியர்ஸ் என்ற உழவன்.

கடவுளாகிய சத்தியம் பியர்ஸுக்கு ஒரு மன்னிப்புச் சீட்டு அனுப்புகிறது. அவனோடு சேர்ந்து உழுத, விதைத்த, உழைத்த அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு குருவானவர் குறுக்கிடுகிறார். சீட்டைக் கொடு, படித்து ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறேன் என்கிறார்.

பியர்ஸ் பிரித்துக் காட்டுகிறான். கனவு காணும் வில், இருவருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறான்.

சீட்டில் இரண்டே வரிகள். லத்தீன் வரிகள். நன்மை செய்தவர்களுக்கு நித்திய வாழ்வு, தீமை செய்தவர்களுக்கு நித்திய நெருப்பு.

இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது, எனக்கு ஒன்றும் தென்படவில்லையே என்கிறார் குருவானவர்.

பியர்ஸ் அந்தச் சீட்டை இரண்டாகக் கிழிக்கிறான்.

ஏன் கிழித்தான்? கவிஞர் ஒரே ஒரு காரணம் சொல்கிறார். கலப்பில்லாத டேனெயால் கிழித்தான்.

அந்த வரியை உற்றுப் பார்க்க வேண்டும். லாங்லாந்தின் யாப்பு மோனையில் நிற்பது. ஒரு வரியின் முக்கியச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். இந்த வரியின் மோனை பகர ஒலி. உழவனின் பெயர், 'கலப்பில்லாத' என்பதற்கான சொல், 'இழுத்தான்' என்பதற்கான சொல் மூன்றும் பகரத்தில் தொடங்குகின்றன. டேனெ மட்டும் அந்த வரிசையில் சேராது. மோனைக்காகத் தேடிப் போட்ட சொல் இல்லை அது. அந்த இடத்துக்கு அதுதான் வேண்டும் என்று கவிஞர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அதைக் கோபம் என்று பெயர்த்தால், பியர்ஸ் குருவானவர்மேல் சீறிய முரடன் ஆகிறான். துயரம் என்று பெயர்த்தால், நம்பியது பொய்த்துப்போய் உடைந்தவன் ஆகிறான். அநியாயம் என்ற பழைய பொருளையும் சேர்த்துப் பார்த்தால், ஏழைகளை ஏமாற்றும் மன்னிப்பு வியாபாரத்தின் முகத்திலேயே கிழித்து எறிந்தவன் ஆகிறான். ஆய்வாளர்கள் இன்றுவரை இதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீங்கு, துன்பம், ஆத்திரம் மூன்றையும் அந்தக் கணத்தில் அந்த ஒரு சொல் ஒன்றாகத் தாங்கியது.

பியர்ஸ் அதன்பின் உழவை விட்டு, பிரார்த்தனையையும் தவத்தையும் தன் கலப்பையாக்கிக்கொள்ளப்போவதாகச் சொல்கிறான். குருவானவர் உனக்கு யார் எழுத்துக் கற்றுக்கொடுத்தது என்று ஏளனம் செய்கிறார். வாக்குவாதம் முற்றுகிறது. அந்தச் சத்தத்தில் வில் விழித்துக்கொள்கிறான். மலைமேல் வெயில். கையில் காசில்லை, வயிற்றில் உணவில்லை.

1381

கனவில் கிழிந்த சீட்டு, சில ஆண்டுகளில் நிஜ நெருப்பின் அருகே வந்தது.

1348-49-இல் கொள்ளைநோய் இங்கிலாந்தைச் சூறையாடியது. உழைக்க ஆள் கிடைக்கவில்லை. பிழைத்தவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351-இல் போட்ட தொழிலாளர் சட்டம், நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்றது. 1380-இல் தலைவரி. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று கணக்குப் போட்டார்கள்.

1381 ஜூனில் கென்ட், எஸ்ஸெக்ஸ் மக்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். மன்னரின் சித்தப்பா ஜான் ஆஃப் காண்டின் சவாய் மாளிகை எரிந்தது. ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டில், மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் கண்ணெதிரே, கலகத் தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார்.

கலகத்தின் குரலாக இருந்தவர் ஜான் பால் என்ற குருவானவர். எஸ்ஸெக்ஸ் மக்களுக்கு அவர் விடுத்த கடிதம் ஒன்றை அக்கால வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒரு பெயர் வருகிறது. பியர்ஸ் ப்ளவ்மன்.

காவியத்து உழவன் கலகக்காரர்களின் சங்கேதப் பெயராகிவிட்டான். ஜூலை 15 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் ஜான் பால் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

லாங்லாந்து தம் காவியத்தைத் திருத்திக்கொண்டே இருந்தவர். இன்று மூன்று முக்கிய வடிவங்கள் கிடைக்கின்றன. கலகத்துக்குப் பிறகு உருவானதாகக் கருதப்படும் கடைசி வடிவத்திலும் மன்னிப்புச் சீட்டு வருகிறது. குருவானவர் வருகிறார். வாக்குவாதம் வருகிறது.

சீட்டு கிழியவில்லை.

அந்தச் செயலையே கவிஞர் எடுத்துவிட்டார். அதோடு அந்த டேனெயும் போனது. கலகத்தின் பின்விளைவுதான் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தான் எழுதிய ஆத்திரம் தெருவில் நடமாடியதைப் பார்த்த கவிஞர், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஒரே மன்னர், ஒரே ஆண்டு

அடுத்த 200 ஆண்டுகளில் ஆங்கில உயிரொலிகள் இடம் மாறின. டேனெ, டீன் ஆனது. வயலிலிருந்தும் வழக்கிலிருந்தும் விலகி, கவிதைக்குள் ஒதுங்கியது.

1590-இல் எட்மண்ட் ஸ்பென்சர் 'ஃபேரி குவீன்' காவியத்தில் அதைக் கையாண்டார். பழஞ்சொற்களை வேண்டுமென்றே தேடி எடுத்தவர் அவர். ஷேக்ஸ்பியர் பல இடங்களில் எழுதினார். 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில், எண்பது வயதைக் கடந்த யார்க் சீமாட்டி, தன் வாழ்நாளின் இன்ப துன்பக் கணக்கைச் சொல்லும் வரியின் இறுதியில் இந்தச் சொல் விழுகிறது. 'வீனஸும் அடோனிஸும்' கவிதையிலும் வரி இறுதிதான். இரண்டிலும் இயைபு ஒலிக்குப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. வாழும் சொல் வரியில் எங்கே வேண்டுமானாலும் நடமாடும். ஒடுங்கத் தொடங்கிய சொல்லுக்கு இயைபு ஒரு கைத்தடி.

'ரோமியோ ஜூலியட்'டில் இன்னொரு காட்சி. ஜூலியட்டின் செவிலித் தாய், பதினான்கு பற்களைப் பணயம் வைப்பேன் என்கிறாள். ஆனால் சொல்லத் துயரம், வாயில் இருப்பது நாலுதான் என்கிறாள். 'ஃபோர்டீன்' என்ற எண்ணின் வாலில் இருக்கும் டீன், துயரமாகிய டீன். இரண்டையும் மோதவிட்டு ஷேக்ஸ்பியர் அரங்கைச் சிரிக்க வைக்கிறார். பிறப்பால் தொடர்பே இல்லாத இரு சொற்கள், உயிரொலி மாற்றத்துக்குப் பின் காதுக்கு ஒன்றாகிவிட்டன.

பிறகு 1611.

அந்த ஆண்டு மன்னர் முதலாம் ஜேம்ஸின் பெயரால் புதிய பைபிள் வெளியானது. யோபுவின் துன்பங்களையெல்லாம் சொல்லியாக வேண்டிய நூல். அதில் டிரபிள் திரும்பத் திரும்ப வருகிறது. டீன் ஓர் இடத்திலும் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, அதே ஜேம்ஸ் மன்னரின் வைட்ஹால் அரண்மனையில் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' அரங்கேறியது. குழந்தையோடு நாடு கடத்தப்பட்ட கதையைத் தந்தை சொல்லி வருகிறார். அந்த நாளில் நான் உங்களுக்கு எத்தனை துயரம் கொடுத்திருப்பேன் என்று நெஞ்சு கசிகிறாள் மகள் மிராண்டா. அங்கே டீன் வரியின் நடுவில், தன் பலத்தில் நிற்கிறது. இயைபின் உதவி அதற்குத் தேவைப்படவில்லை.

ஒரே மன்னர், ஒரே ஆண்டு, இரண்டு மேடைகள். ஒவ்வொரு ஞாயிறும் ஆலயந்தோறும் வாசிக்கும் பைபிளில் எந்தச் சொல் ஏறியதோ, அது வீட்டுப் பேச்சிலும் நிலைத்தது. டிரபிள் வென்றது.

வந்து குடியேறிய எண்

1670-களில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயதை 'டீன்ஸ்' என்று சொல்லும் வழக்கு எழுத்தில் வந்துவிட்டது. துயரம் குடியிருந்த ஒலியில் இளமை வந்து குடியேறியது. 1853-இல் மேத்யூ ஆர்னால்டு 'ஸ்காலர் ஜிப்ஸி' கவிதையில் பழைய டீனை ஒருமுறை எழுப்பினார். அங்கும் வரி இறுதி, அங்கும் இயைபு. 1940-களில் அமெரிக்காவில் 'டீனேஜர்' என்ற சொல் பரவியபோது, பழைய பொருளைச் சொல்லிப் புரியவைக்க அகராதியைத்தான் நாட வேண்டியிருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் T எழுத்துச் சொற்களை அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே தாமே பதிப்பித்தார். அந்த எழுத்து முடிவதற்கு முன்பே, 1915 ஜூலை 26 அன்று காலமானார். வழக்கொழிந்த சொல்லுக்கும் முழு வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்பது அந்த அகராதியின் கொள்கை. அந்தக் கொள்கை இல்லையென்றால், தோட்டக்காரரின் பதிலும் பியர்ஸின் ஆத்திரமும் மிராண்டாவின் பரிவும் ஒரே சொல்லின் வாழ்க்கை என்று நமக்குத் தெரிந்திருக்காது.

டீன் போனபின் ஆங்கிலேயருக்குத் துன்பத்தைச் சொல்லச் சொற்கள் குறையவில்லை, பெருகின. ஆனால் இழைத்தவனின் குற்றத்தையும் பட்டவனின் வலியையும் பிரிக்காமல் சொல்லும் ஒரு சொல்லை அவர்கள் இழந்தார்கள். டிரபிள் என்றால் யார் கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. டேயோனா என்றால் கேட்டே ஆக வேண்டும். அதனால்தான் இந்த இழப்பைச் சிறியதாக நான் கருதவில்லை.

பாகம் பிரித்தவர்களில் ஒருவரை மட்டும் இந்த வாரம் பெயரோடு விட்டுவிட்டேன். நார்ஸ் மொழியிலிருந்து வந்த ஆங்கர். இன்று அதற்குக் கோபம் என்று பொருள். ஆங்கிலத்தில் கால் வைத்தபோது அதுவும் துன்பத்தையே குறித்தது. துன்பப்பட்டவனின் சொல், கோபப்பட்டவனின் சொல்லாக மாறியது எப்போது? மாற்றியது யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.